ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டாக்கில் மூன்றாவது சுவிட்சைச் சேர்ப்பது எப்படி?

"பெங்களூரு பெல்லந்தூர் ஆபீஸில் 2 சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300 சுவிட்ச்கள் ஸ்டாக்காக ஓடுகின்றன. மூடிவிட்ட ஒரு கிளையிலிருந்து அதே மாடலில் 48 போர்ட் சுவிட்ச் இன்னொன்று வந்திருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி அதையும் சேர்க்க வேண்டும். கேபிளைச் செருகினால் தானாகச் சேர்ந்துகொள்ளும், லைவிலேயே செய்யலாம் என்கிறார் வெண்டர். நம்பலாமா அண்ணா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கிருஷ்ணகிரிக்காரர். நெட்வொர்க் வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறதாம்.

வெண்டர் சொன்னதில் பாதி உண்மை. தானாகத்தான் சேரும். ஆனால் யார் யாரோடு சேர்கிறார்கள் என்பதில்தான் வம்பு இருக்கிறது. வந்த மருமகள் வீட்டோடு சேர்ந்துகொள்வது ஒன்று, வந்த அன்றே வீட்டையே தன் பேருக்கு எழுதிக்கொள்வது இன்னொன்று. ஸ்டாக்கில் இரண்டுமே நடக்கும். எது நடக்கும் என்பதை, கேபிளைச் செருகும்போது அந்த மூன்றாவது பெட்டியில் கரண்ட் இருந்ததா இல்லையா என்பதே பெரும்பாலும் முடிவு செய்யும்.

முதலில் ஸ்டாக் என்றால் என்ன என்று ஒரு வரி. பின்பக்கத்துக் கேபிளால் வளையமாகக் கோத்த பல சுவிட்ச்கள் (கம்ப்யூட்டர், போன்களை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டிகள்) ஒரே சுவிட்ச் போல நடந்துகொள்கின்றன. ஒரே ஐபி, ஒரே கான்ஃபிக் (அமைப்புகள்), ஒரே லாகின். ஒருவர் ஆக்டிவ், அவருக்கு ஏதாவது ஆனால் உட்காரத் தயாராக ஒரு ஸ்டாண்ட்பை, மற்றவர்கள் மெம்பர். போர்ட்டின் பெயரில் முதலில் வரும் எண் மெம்பர் எண். கிகாபிட் 2/0/15 என்றால் இரண்டாவது சுவிட்சின் பதினைந்தாவது போர்ட். இந்த எண்ணும், பிரையாரிட்டி என்ற இன்னொரு எண்ணும்தான் முழுக்கதையும். பிரையாரிட்டி 1 முதல் 15 வரை இருக்கலாம். பெட்டி புதிதாக வரும்போது 1. தேர்தல் என்று வந்தால் அதிகம் வைத்திருப்பவர் ஆக்டிவ். எல்லோரும் 1 என்றால் மேக் முகவரி (தொழிற்சாலையிலேயே பெட்டிக்கு வைத்த அடையாள எண்) சிறியதாக இருப்பவர் ஜெயிப்பார். மேக் முகவரி சிறியது என்றால் பெரும்பாலும் பழைய பெட்டி. ஆக, நீங்கள் ஒன்றுமே செய்யாமல் விட்டால், இருப்பதிலேயே வயதான சுவிட்ச் தலைவர் ஆகிவிட வாய்ப்பு அதிகம்.

இனி என் சொந்த அனுபவம். எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். ராத்திரி ஷிப்ட் நடக்கும் தளம், அமெரிக்க நேரத்துக்கு ஆட்கள் போனில் பேசிக்கொண்டிருப்பார்கள். அங்கே 3750 எக்ஸ் இரண்டு ஸ்டாக்கில் ஓடின. உங்களுக்கு வந்தது போலவே மூடிய கிளையிலிருந்து மூன்றாவது வந்தது. நான் கன்சோல் கேபிள் போட்டு, கான்ஃபிக்கை அழிக்கும் ரைட் இரேஸ் கட்டளை கொடுத்து, ரீலோட் செய்து, ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்தேன். சுத்தமாகிவிட்டது என்ற நினைப்பில் பெட்டியை அணைக்காமலே ரேக்கில் ஏற்றி, ஸ்டாக் கேபிளைச் செருகித் திருகாணியையும் முடுக்கினேன். இரவு 9:40. பக்கத்தில் நின்ற ஜூனியர் பையன், "அண்ணா, ஃப்ளோர்ல போன் எல்லாம் அணைஞ்சு போச்சாம்" என்றான். லேப்டாப்பைப் பார்த்தேன். எங்கள் ஹோஸ்ட்நேம் இருக்க வேண்டிய இடத்தில் வெறுமனே 'ஸ்விட்ச்' என்று ப்ராம்ப்ட் நின்றது. வயிறு கலங்கிவிட்டது.

நடந்தது இதுதான். ரைட் இரேஸ் கான்ஃபிக்கை மட்டுமே அழிக்கும். மெம்பர் எண்ணும் பிரையாரிட்டியும் அதில் இல்லை, தனியாக இருக்கின்றன. பழைய கிளையில் அந்தப் பெட்டிதான் தலைவர். பிரையாரிட்டி 15, எண் 1. நான் வெறும் பெட்டி என்று நினைத்தது, ஆன் ஆகித் தனியாக நின்றபோது ஒரே ஆள் கொண்ட ஸ்டாக்கின் ஆக்டிவ். ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு ஸ்டாக்குகளைக் கேபிளால் இணைத்தால் அது சேர்க்கை இல்லை, மெர்ஜ். இரண்டு ஆக்டிவ்களுக்குள் தேர்தல் நடக்கும். 15 ஜெயித்தது. தோற்ற பக்கத்தில் இருந்த எங்கள் இரண்டு சுவிட்ச்களும் ரீலோட் ஆகி, ஜெயித்தவருடைய காலி கான்ஃபிக்கை வாங்கிக்கொண்டன. அது போதாதென்று எண் 1 ஏற்கனவே புதியவரிடம் இருந்ததால், எங்கள் பழைய 1 இப்போது 3. கான்ஃபிக்கைத் திரும்பப் போட்டாலும் போர்ட் இடம் மாறி விழும். கையில் இருந்த பேக்கப் மூன்று மாதம் பழசு. அதற்குப் பிறகு செய்த மாற்றங்களை சுவிட்சில் லாகின் ஆக நான் வைத்திருந்த புட்டி புரோகிராமின் லாக் ஃபைல்களில் தேடித் தேடி எடுத்தோம். முடிக்கும்போது மணி மூன்று. கேட்டுக்கு வெளியே சைக்கிளில் ஃபிளாஸ்க் வைத்து டீ விற்பவர்தான் அன்றைக்கு ஒரே ஆறுதல்.

அதனால் உங்கள் வேலையில் முக்கால் பாகம் சனிக்கிழமைக்கு முன்பே, மேஜை மேல் முடிய வேண்டும். மூன்றாவது பெட்டியை ஸ்டாக் கேபிள் இல்லாமல் தனியாக ஆன் செய்யுங்கள். ஷோ ஸ்விட்ச் கொடுத்து எண்ணையும் பிரையாரிட்டியையும் பாருங்கள். 9300-இல் இவை ராம்மான் (பூட் ஆகும்போது முதலில் ஓடும் சின்ன புரோகிராம்) மாறிகளாக உட்கார்ந்திருக்கும், ஷோ ராம்வார் கொடுத்தாலும் தெரியும். எண் 1 என்று வைத்துக்கொள்வோம். ஸ்விட்ச் 1 பிரையாரிட்டி 1, பிறகு ஸ்விட்ச் 1 ரீநம்பர் 3. எண் மாற்றம் ரீலோட்டுக்குப் பிறகுதான் நடப்புக்கு வரும். இந்தக் கட்டளைகளை 9300-இல் கான்ஃபிக் மோடுக்குள் போகாமல் எக்ஸெக் ப்ராம்ப்டிலேயே கொடுக்க வேண்டும். பழைய 3750-இல் கான்ஃபிக் மோடில் கொடுத்துப் பழகியவர்கள் இங்கே வந்து தடுமாறுவார்கள். அப்புறம் ரைட் இரேஸ், விலான் (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது) விவரம் இருக்கும் விலான் டாட் ஃபைலையும் அழித்துவிடுங்கள், ரீலோட். மறுபடி ஷோ ஸ்விட்ச். 3 என்று வந்திருக்க வேண்டும்.

அடுத்தது வெர்ஷன். ஸ்டாக்கில் ஓடும் ஐஓஎஸ் எக்ஸ்இ (சுவிட்சின் சாஃப்ட்வேர்) வெர்ஷனும் இதுவும் கடைசி எண் வரைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் இன்ஸ்டால் மோடில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஷோ ஸ்விட்ச்சில் வி-மிஸ்மேட்ச் என்று நிற்கும். பெட்டி ஸ்டாக்கில் தெரியும், ஆனால் ஒரு போர்ட்டும் வேலை செய்யாது. ஆட்டோ அப்கிரேட் என்று ஒரு வசதி உண்டு, ஆக்டிவிடமிருந்து இமேஜை இழுத்துத் தானே ஏற்றிக்கொள்ளும். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு அது பாதியில் நின்றால் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. முதல் நாளே யூஎஸ்பியில் இமேஜைக் கொண்டுபோய் மேஜை மேலேயே ஏற்றிவிடுங்கள். லைசென்ஸ் நிலையும் ஒன்றாக இருக்கட்டும். இரண்டு பேர் நெட்வொர்க் அட்வான்டேஜ், புதியவர் நெட்வொர்க் எசென்ஷியல்ஸ் என்றால் ஒத்துப்போகாது.

மாடலையும் ஒருமுறை ஸ்டிக்கரைப் பார்த்தே உறுதி செய்துகொள்ளுங்கள். 9300 என்றும் 9300எல் என்றும் இரண்டு உண்டு. பேச்சில் இரண்டையுமே 9300 என்றுதான் சொல்வார்கள், ஆனால் இரண்டும் ஒரே ஸ்டாக்கில் சேராது. 9200-உம் 9200எல்-உம் அப்படியே. சாதா 9300-இல் ஸ்டாக் போர்ட் பெட்டியிலேயே இருக்கும். 9300எல், 9200 வகைகளில் ஸ்டாக் கிட் தனியாக வாங்க வேண்டும். எஸ்.பி. ரோட்டில் பழைய சுவிட்ச் வாங்கிவிட்டு, ஸ்டாக் கிட் இல்லாமல் பின்பக்கம் வெறும் மூடியோடு கொண்டுவந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேகமும் மாறும். 9200எல் வளையம் 80 கிகாபிட், 9200-க்கு 160, 9300-க்கு 480.

இங்கே ஒரு சின்ன விஷயம், டெக்னிக்கலே இல்லை. கிளையிலிருந்து பெட்டி வந்தபோது மெட்டீரியல் கேட் பாஸ் போட்டுத்தானே எடுத்து வந்தீர்கள்? டெக் பார்க் செக்யூரிட்டியிடம் சனிக்கிழமை ராத்திரி உள்ளே கொண்டுபோகவும் எழுத்து வேண்டும். இதற்காக ஒன்றரை மணி நேரம் வாசலில் நின்றிருக்கிறேன். வெள்ளிக்கிழமையே பெட்டியை சர்வர் ரூமுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

ஓடுகிற ஸ்டாக்கிலும் மூன்று வேலை இருக்கிறது. ஒன்று, பேக்கப். ரன்னிங் கான்ஃபிக்கை ஸ்டாக்குக்கு வெளியே, உங்கள் லேப்டாப்பில் வையுங்கள். ஃபிளாஷில் வைத்தது பேக்கப் ஆகாது. இரண்டு, பிரையாரிட்டி. முதலாவதற்கு 15, இரண்டாவதற்கு 14 கொடுங்கள். ஓடும்போதே கொடுக்கலாம், இப்போது ஆக்டிவாக இருப்பவரை அது இறக்காது. அடுத்த தேர்தலில்தான் எண்ணிக்கைக்கு வரும். மூன்று, இடம் போட்டு வைப்பது. கான்ஃபிக் மோடில் ஸ்விட்ச் 3 ப்ரொவிஷன் என்று கொடுத்து மாடலைச் சொன்னால், பெட்டி வருவதற்கு முன்பே கிகாபிட் 3/0/1 முதல் 48 வரை கான்ஃபிக்கில் தோன்றிவிடும். விலான், வாய்ஸ் விலான், போர்ட் டிஸ்கிரிப்ஷன் எல்லாவற்றையும் பகலிலேயே நிதானமாக எழுதி வைக்கலாம். பெட்டி வந்து 3 என்ற எண்ணில் உட்கார்ந்ததும் அது அப்படியே ஏறிக்கொள்ளும். ஒரு மெம்பர் செத்துப்போனால் மாற்றுவதும் இதே வழிதான். அதே மாடல், அதே எண், கான்ஃபிக் காத்துக்கொண்டிருக்கும்.

சரி, சனிக்கிழமை ராத்திரி. மூன்றாவது பெட்டி ரேக்கில் ஏறட்டும், பவர் கார்டு வெளியே தொங்கட்டும். இரண்டு பவர் சப்ளை இருந்தால் இரண்டு கார்டும். இப்போதுள்ள இரண்டு சுவிட்ச்களுக்கு நடுவே இரண்டு ஸ்டாக் கேபிள் இருக்கும். அதில் ஒன்றின் ஒரு முனையை மட்டும் கழற்றுங்கள். இரண்டாவது கேபிளில் கை வைக்கக் கூடாது. வளையம் பாதி வேகத்துக்கு இறங்கும், 480 என்பது 240 ஆகும், யாருக்கும் தெரியாது. கழற்றிய முனையைப் புதிய பெட்டியின் ஒரு ஸ்டாக் போர்ட்டில் செருகுங்கள். புதிய பெட்டியின் இன்னொரு ஸ்டாக் போர்ட்டிலிருந்து, நீங்கள் முனையைக் கழற்றியதால் காலியான அந்தப் பழைய போர்ட்டுக்கு மூன்றாவது கேபிள். எத்தனை சுவிட்சோ அத்தனை கேபிள், வளையம் மூடியது.

கேபிள் அரை மீட்டர், 1 மீட்டர், 3 மீட்டர் என்று மூன்று அளவில் வருகிறது. ஒட்டினாற்போல மூன்று பெட்டி என்றால் மேலிருந்து கீழே திரும்பும் கேபிளுக்கு அரை மீட்டர் சில சமயம் இழுபறியாக இருக்கும். 1 மீட்டர் ஒன்று கையில் இருக்கட்டும். கனெக்டர் நேராக உட்கார்ந்த பிறகு இரண்டு திருகாணியையும் மாற்றி மாற்றி, சமமாக முடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுசாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கனெக்டர் சாய்ந்து நிற்கும். அன்றைக்கு வேலை செய்யும். இரண்டு வாரம் கழித்து ரேக் கதவை யாராவது வேகமாகச் சாத்தும்போது லிங்க் அறுந்து அறுந்து வரும்.

இதற்கு நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. ஷோ ஸ்விட்ச் ஸ்டாக்-போர்ட்ஸ் சம்மரி கொடுத்தால் ஒவ்வொரு ஸ்டாக் போர்ட்டுக்கும் ஒரு வரி வரும். பக்கத்து வீட்டுக்காரர் யார், கேபிள் எத்தனை நீளம், லிங்க் சரியா என்றெல்லாம் சொல்லும். அதில் லிங்க் எத்தனை முறை மாறியது என்று ஒரு எண் இருக்கும். அன்றைக்கு வந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். கூடியிருந்தால் கேபிள் சரியில்லை, கழற்றி மாட்டுங்கள் அல்லது மாற்றுங்கள். பெரும்பாலோர் 'ஓகே' என்ற சொல்லைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள், இந்த எண்ணைப் பார்ப்பதில்லை.

கேபிள் முடிந்ததும் பவர் கொடுங்கள். பூட் ஆகச் சில நிமிஷங்கள் பிடிக்கும், பொறுமை வேண்டும். நடுவில் பயந்து அணைத்து ஆன் செய்யாதீர்கள். முன்பக்கம் மோட் பட்டனை ஸ்டாக் விளக்கு எரியும்வரை அழுத்தினால், போர்ட் விளக்குகளே மெம்பர் எண்களைக் காட்டும். எந்தப் பெட்டியின் முன் நிற்கிறீர்களோ அதன் எண் மின்னும். ஷோ ஸ்விட்ச்சில் மூன்று பேரும் ரெடி என்று வர வேண்டும்.

இதோடு கிளம்பிவிடாதீர்கள். அப்லிங்க் எங்கே இருக்கிறது? கோர் சுவிட்சுக்குப் போகும் இரண்டு ஃபைபரும் முதல் மெம்பரிலேயே செருகியிருந்தால், அந்த ஒரு பெட்டி போனால் மூன்று பெட்டியும் தனித்தீவு. ஒன்றை 1-இலும் இன்னொன்றை 3-இலும் செருகி, இரண்டையும் எல்ஏசிபியில் (பல லிங்க்கை ஒன்றாகக் கட்டும் முறை) ஒரே போர்ட் சேனலாகக் கட்டுங்கள், சேனல் குரூப் மோட் ஆக்டிவ். ஸ்டாக் வாங்குவதன் பெரிய லாபமே இதுதான். லூப் வராமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ ஒரு ஃபைபரை அடைத்து வைக்காது, இரண்டுமே வேலை செய்யும். அதோடு ஷோ ஸ்விட்ச்சின் மேலே மேக் பெர்சிஸ்டன்சி என்று ஒரு வரி வரும். அது இன்டெஃபினிட் என்று இருக்கிறதா பாருங்கள். ஆக்டிவ் மாறும்போது ஸ்டாக்கின் மேக் முகவரியும் மாறினால், எதிர்ப்பக்கம் புது ஆள் வந்துவிட்டார் என்று நினைத்துச் சேனலைப் பிரித்துக் கட்டும், போன்கள் ஒரு குலுக்கு குலுக்கும்.

பிறகு சோதனை. வெண்டர்கள் இதைச் செய்ய விடமாட்டார்கள், நீங்கள்தான் பிடிவாதம் பிடிக்க வேண்டும். ஒரு மெம்பரில் உள்ள பிசியிலிருந்து கேட்வேக்குத் தொடர்ந்து பிங் ஓடட்டும். ஒரு ஸ்டாக் கேபிளைக் கழற்றுங்கள், மாட்டுங்கள். கான்ஃபிக்கைச் சேமித்திருக்கிறீர்களா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு, ஆக்டிவின் பவர் கார்டைப் பிடுங்குங்கள். ஸ்டாண்ட்பை எழுந்து நிற்க வேண்டும். பழைய ஆக்டிவ் திரும்பி வந்ததும், 15 வைத்திருந்தாலும் பதவியைப் பிடுங்காது, பேசாமல் வரிசையில் நிற்கும். நிறையப் பேருக்கு இது புரியாமல், பிரையாரிட்டி வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து ரீலோட் ஆனால்தான் 15 மறுபடி தலைமைக்கு வரும். அதிலும் 120 விநாடிக்குள் ஆன் ஆனவர்கள்தான் தேர்தலில் நிற்க முடியும். நம் ஊரில் இது முக்கியம். பெஸ்காம் கரண்ட் போய், ஜெனரேட்டர் வருவதற்குள் ஒரு யூபிஎஸ் இறங்கி இன்னொன்று தாங்கிவிட்டால், மூன்றும் ஒரே நேரத்தில் எழாது, தலைவர் மாறிப்போவார். மூன்று பெட்டியின் முதல் பவர் சப்ளைகளையும் ஒரே யூபிஎஸ்ஸில், இரண்டாவதுகளை இன்னொரு யூபிஎஸ்ஸில் என்று பிரித்துக் கொடுங்கள்.

பவர் என்றதும் இன்னொன்று. பின்பக்கம் ஸ்டாக்பவர் என்று வேறொரு கேபிள் இருக்கும். அது மின்சாரத்தைப் பங்கு போட்டுக்கொள்வதற்கு, டேட்டாவுக்குச் சம்பந்தமில்லை. ஒரு வளையத்தில் 4 சுவிட்ச்தான். அவசரமில்லை. ஆனால் பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கொடுக்கும் கரண்ட்) கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். 9300-48பி-யில் ஒரே ஒரு 715 வாட் சப்ளை இருந்தால் பிஓஇ-க்குக் கிடைப்பது 437 வாட். 48 போர்ட்டிலும் 30 வாட் அக்சஸ் பாயின்ட் தொங்கவிட்டால் 1,440 வாட் வேண்டும். ஐபி போன்களுக்கு மட்டும் என்றால் பிரச்சினை இருக்காது.

தம்பி, கீழ்த்தளத்தில் இருக்கிற சுவிட்சையும் இதோடு சேர்க்கலாமா என்று அடுத்த கேள்வி வரும், எனக்குத் தெரியும். வேண்டாம். இந்தக் கேபிள் 3 மீட்டருக்கு மேல் கிடையாது. தளத்துக்குத் தளம் தனி ஸ்டாக், நடுவில் எல்ஏசிபி. டேட்டா சென்டர் சர்வர் ரேக்கிலும் நான் ஸ்டாக் போட மாட்டேன். ஸ்டாக் என்பது கடைசியில் ஒரே மூளை. அப்கிரேட் என்றால் எல்லாம் சேர்ந்து ரீலோட், தளமே சில நிமிஷம் இருட்டு. ஆபீஸ் தளத்தில் ஞாயிற்றுக்கிழமை அதற்கு நேரம் கேட்டு வாங்கலாம், சர்வர்களுக்கு முடியாது. அங்கே விபிசி, எம்லாக் மாதிரி இரண்டு மூளை இருக்கிற ஏற்பாடுதான் சரி.

வேறு கம்பெனிப் பெட்டி வந்தால் இந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுபோகாதீர்கள். ஜூனிபரின் விர்ச்சுவல் சேசிஸில் பிரையாரிட்டி 255 வரை போகும், சும்மா இருந்தால் 128. அங்கே தலைவருக்கும் பேக்கப்புக்கும் ஒரே எண்ணைக் கொடுப்பார்கள், இல்லையென்றால் பழைய தலைவர் திரும்பி வந்து பதவியைப் பிடுங்கி இன்னொரு குலுக்கல் வரும். இரண்டே பெட்டி என்றால், ஸ்டாக் இரண்டாகப் பிரிந்ததைக் கண்டுபிடிக்கும் ஸ்ப்ளிட் டிடெக்‌ஷனை நிறுத்திவிட வேண்டும். அரூபா 6300-இல் பிரையாரிட்டியே கிடையாது, மெம்பர் 1-தான் தலைவர். ஸ்டாக் கேபிளும் முன்பக்கத்துச் சாதாரண அப்லிங்க் போர்ட்டிலேயே போகும். விலை குறைந்த சில சுவிட்ச்களின் அட்டைப்பெட்டியில் ஸ்டாக் என்று போட்டிருப்பார்கள். உள்ளே பார்த்தால் ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் பார்க்கிற வசதி மட்டும்தான் இருக்கும், ஒவ்வொன்றும் தனிச் சுவிட்சாகவே ஓடும்.

சனிக்கிழமைக்கு மூன்று மணி நேரம் கேட்டு வாங்குங்கள், ஒரு மணி நேரத்தில் முடியும். முடியாமல் மூன்றாவது பெட்டி வி-மிஸ்மேட்சிலோ வேறெதிலோ மாட்டிக்கொண்டு நின்றால், அங்கேயே உட்கார்ந்து போராட வேண்டாம். அதன் பவரைப் பிடுங்கி, கேபிளைப் பழையபடி இரண்டு சுவிட்சுக்கும் நடுவே மாட்டிவிட்டு, ஷோ ஸ்விட்ச் ஸ்டாக்-போர்ட்ஸில் வளையம் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். பழைய இரண்டும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.